தகரம் என்று நான் சொன்ன ட்ரம்

1992ஆம் ஆண்டு ஐப்பசி மாதம், யாழ்ப்பாணத்து அரியாலையில் நடந்தது இது. அந்த வருடம் மழை பிந்தியிருந்தது. எங்கள் வீட்டுக்கு அடுத்த வளவில், போரால் காங்கேசன்துறையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு தையல்காரர் மனைவியோடும் இரண்டு பெண்பிள்ளைகளோடும் ஒரு கொட்டிலில் இருந்தார். அவருக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். ஊரை விட்டு வெளிக்கிட்ட அன்று அவர் தன் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தது தையல் மெசினின் தலையையும் ஒரு ட்ரம்மையும்தான். மற்றச் சாமான்களை எல்லாம் மனைவி சுமந்து வந்தாராம். "உந்த ட்ரம்முக்குப் பதிலா ஒரு பெரிய செம்புக் கிடாரத்தைக் கட்டியிருந்தால் இண்டைக்கு நெல்லாவது அவிச்சிருக்கலாம்" என்று அந்தப் பெண் சொல்லிக்காட்டாத கிழமை இல்லை.

ட்ரம் செற் அடிப்பவர் இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே வைத்து அடிக்கும் சிறிய ட்ரம் அது. அடித்தோலுக்குக் குறுக்கே மெல்லிய கம்பிகள் கட்டியிருக்கும். மேலே தட்டினால் கீழே அவை சேர்ந்து அதிர்ந்து 'சர்' என்று பொரியும். ஸ்நேர் ட்ரம் என்பார்கள். எங்கள் பக்கத்தில் சைட் ட்ரம். பகலில் சட்டை தைத்து, கோயில் திருவிழாக்களில் இசைக்குழுவோடு ட்ரம் அடித்தவர் அவர். தங்கள் ஊர்த் துறைமுகத்துக்கு வந்த ஏதோ கப்பலிலிருந்து இறங்கிய ட்ரம் என்றும், அது தன் கைக்கு வரும்போதே சிவப்புப் பெயின்ற் பூசியபடி இருந்தது என்றும் சொன்னார். இசைக்குழு கலைந்து ஆளுக்கொரு திசையாகப் போன பிறகு அது கொட்டிலின் கூரை வளையில் சும்மா தொங்கியது. தைத்துக்கொண்டிருக்கும்போது நூல் அறுந்தால், ஊசியில் கோக்கும் முன்பு அவருடைய விரல்கள் மெசின் பலகையில் ஒரு தாளம் போட்டுவிட்டுத்தான் நூலைத் தேடும்.

நான் அப்போது விஞ்ஞான ஆசிரியர். கிணற்றுத் தண்ணீர் ஏன் உவர்க்கிறது, சைக்கிள் டைனமோவில் ரேடியோவை எப்படிப் பாட வைப்பது என்று ஒழுங்கையில் யாருக்கு என்ன ஐயம் வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். நானும் கேட்டவுடன் பதில் சொல்வேன். ஒருமுறை சொன்னதை மாற்றிச் சொல்லும் வழக்கம் மட்டும் எனக்கு இருக்கவில்லை.

கொடிகாமத்திலிருந்து ஒரு கமக்காரர் கத்தரிக்காயும் மிளகாயும் சைக்கிளில் கட்டிக்கொண்டு எங்கள் பக்கம் வருவார். ஒருநாள் சட்டை தைக்கக் கொடுக்க வந்தவர், தொங்கிய ட்ரம்மை விரலால் சுண்டிப் பார்த்திருக்கிறார். அவருக்கு வருடாவருடம் வயலில் கிளித்தொல்லை. முந்தி என்றால் சீனவெடி கொளுத்திப் போட்டுக் கிளியைக் கலைப்பார்கள். அந்தக் காலத்தில் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்துக்குள் நெருப்புப்பெட்டி வருவதே பெரும்பாடு. வெடிக்கு எங்கே போவது? "உதைத் தாரும், ஒரு மூட்டை நெல்லுத் தாறன்" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்.

மறுநாள் தையல்காரர் ட்ரம்மோடு என்னிடம் வந்தார். பின்னால் மனைவியும் வந்தார்.

"மாஸ்ரர், இதின்ரை பெறுமதி என்னெண்டு ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ. நல்ல சாமான் எண்டால் நான் குடுக்கமாட்டன். வெறும் தகரம் எண்டால் இவள் சொல்லுறமாதிரி நெல்லுக்குக் குடுத்திடுறன்."

ட்ரம்மை மேசையில் வைத்துச் சுற்றிப் பார்த்தேன். தூரிகையால் அப்பிய தடித்த சிவப்பு. வழிந்து காய்ந்த துளிகள்கூட அப்படியே இருந்தன. செய்தவர்கள் பூசிய நிறம் அல்ல; பின்னால் யாரோ பூசியது. அதுவரை என் கணிப்புச் சரி. அடுத்ததில்தான் சறுக்கினேன்.

எங்கள் வீடுகளில் பித்தளைக்கு யாராவது பெயின்ற் அடித்து நான் கண்டதில்லை. குத்துவிளக்கானாலும் குடமானாலும் புளியும் சாம்பலும் போட்டு மினுக்கி எடுப்பதுதான் வழக்கம். துருப்பிடிக்கிற தகரத்துக்குத்தான் பெயின்ற் அடிப்போம். ஆகவே இது தகரம். இப்படி மனதில் முடித்துக்கொண்டு அதையே உரத்தும் சொன்னேன். கூடவே, விஞ்ஞான மாஸ்ரர் அல்லவா, பழுதான ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து கழற்றி வைத்திருந்த காந்தத்தையும் எடுத்து வந்தேன். ட்ரம்மின் விளிம்பு வளையத்தில் வைத்தேன். 'டக்' என்று பிடித்தது.

"பாத்தீரோ தம்பி? இரும்புச் சாதி. தகரம்தான்."

பேச்சோடு பேச்சாகக் காந்தத்தை உடம்புப் பகுதிக்கும் கொண்டுபோனேன். அங்கே அது பிடிக்கவில்லை. வழுக்கிக்கொண்டு என் உள்ளங்கைக்குள் விழுந்தது.

அதை நான் கண்டேன். வளையம் இரும்பு, உடம்பு வேறு ஏதோ என்று ஒரு கணம் மனதில் ஓடியது. ஆனால் தகரம் என்று வாய்விட்டுச் சொல்லியாகிவிட்டது. அவருடைய மனைவியின் முகத்தில் அந்தச் சொல்லுக்கே ஒரு வெளிச்சம் வந்திருந்தது. பெயின்ற் தடிப்பு, அதனால் பிடிக்கவில்லை என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, காந்தத்தைச் சட்டைப் பையில் போட்டுவிட்டேன்.

அடுத்த முறை கமக்காரர் நெல் மூட்டையோடு வந்தார். தையல்காரரே ட்ரம்மைத் தன் துவாயால் சுற்றி அவருடைய சைக்கிள் கரியரில் கட்டிவிட்டார். கட்டியவர் கயிற்றை மறுபடி அவிழ்த்து, இன்னும் இறுக்கிக் கட்டினார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன்.

மார்கழி விடுமுறையில் தேங்காய் வாங்குவதற்காகக் கொடிகாமம் போனேன். சாவகச்சேரி தாண்டினால் இரண்டு பக்கமும் வயல். நெல் பால்பிடித்து நின்றது. சந்தைக்குத் திரும்பும் இடத்தில், வயலுக்குள்ளிருந்து 'டங்' என்றொரு சத்தம் வந்தது. சைக்கிளை நிறுத்திவிட்டேன். ஒரு கூட்டம் கிளி எழும்பிப் பறந்தது. தகரத்தின் சத்தம் அப்படி இருக்காது. அடித்த பிறகும் சத்தம் காற்றில் நின்றது.

காவல் பரணில் இருந்தவர் நம் கமக்காரர்தான். என்னைக் கண்டதும் இறங்கி வந்தார்.

"மாஸ்ரரே! முதல் நாள் உதிலை நாலு அடி போட்டன். பக்கத்து வீட்டுக்காரர் ஷெல் எண்டு பயந்து குடும்பத்தோடை பங்கருக்குள்ளை ஓடிட்டினம். பிறகு நான் போய்க் கூட்டிக்கொண்டு வந்தனான்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெயிலிலும் மழையிலும் கிடந்து சிவப்புப் பெயின்ற் பொருக்கு வெடித்து, ஒரு பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு உரிந்திருந்தது. அந்த இடம் மஞ்சளாக இருந்தது. தொட்டுப் பார்த்தேன்.

"என்ன மாஸ்ரர் பாக்கிறியள்? பித்தளை. ஆரோ விசரன் பெயின்ற் அடிச்சு மூடி வைச்சிருக்கிறான்."

அது தகரம் என்று தீர்ப்புச் சொன்னவன் நான்தான் என்பது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. ட்ரம்மின் சொந்தக்காரருக்கு அது திரும்ப வேண்டும், என்ன வேண்டுமானாலும் தருகிறேன் என்றேன்.

"நெல்லு வெட்டி முடியுமட்டும் தரமாட்டன். நீங்கள் தாற காசைக் கிளிக்குக் குடுக்கேலுமே? உதைவிட நல்லாக் கலைக்கிற சாமான் ஒண்டு கொண்டு வாங்கோ, அப்பவே கழட்டித் தாறன்."

நெல்லு வெட்டும் வரைக்கும் காத்திருக்கலாம்தான். ஆனால் அந்த மழையில் இன்னும் ஒரு மாதம் கிடந்தால் ட்ரம்மின் தோல் மிஞ்சாது. அடியில் கட்டியிருந்த கம்பிகள் ஏற்கெனவே இல்லை. பரண் ஏணியைக் கட்ட அவற்றைத்தான் எடுத்திருந்தார். எனவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய மண்ணெண்ணெய் ரின்னோடு போனேன். வரம்பில் நின்று கை வலிக்க அடித்தேன். கிளிகள் ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தங்கள் பாட்டில் தின்றன.

"உந்தத் தாளத்துக்குக் கிளி இன்னும் ரெண்டு கதிர் கூடத் தின்னும் மாஸ்ரர்" என்றார் கமக்காரர். வரம்பில் நின்ற சனம் எல்லாம் சிரித்தது. பாடம் படிப்பிக்கும் மனிதன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வயலில் தகரம் அடிக்கும் காட்சி அவர்களுக்கு நல்ல பொழுதுபோக்காக இருந்தது.

திரும்பி வரும் வழியில் ஒரு வேலியில் கசெற் நாடாத் துண்டு ஒன்று சிக்கிக்கொண்டு நின்றது. நல்ல வாடைக்காற்று. அந்த நாடா காற்றில் நடுங்கி 'ஊம்' என்று இரைந்தது. வெயிலில் மினுங்கவும் செய்தது. கிட்டப் போய்க் கையால் இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். இறுக்க இறுக்க இரைச்சலும் கூடியது. இழைகளின் அதிர்வைப் பற்றி எத்தனை வருடமாக வகுப்பில் கரும்பலகை நிறையக் கீறியிருப்பேன்! அது ஒரு காரியத்துக்கு உதவும் என்று அன்றுதான் எனக்குத் தோன்றியது.

ஆனால் நாடாவுக்கு எங்கே போவது? எங்கும் போக வேண்டாம். அது என் வீட்டில்தான் இருந்தது. ரேடியோவிலிருந்தும் நண்பர்களிடமிருந்தும் பல வருடங்களாகப் பதிந்து சேர்த்த கச்சேரிகள். பிஸ்கற் ரின்களில் போட்டு, பூஞ்சணம் பிடிக்காமல் மாதாமாதம் வெயிலில் காயவைத்து வந்தேன். கரண்டும் இல்லை, பற்றரியும் இல்லை. கேட்டு இரண்டு வருடமாகியிருந்தது. அதற்காகத் தூக்கிக் கொடுக்க மனம் வருமா? இரண்டு நாள் ரின்களைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். மூன்றாம் நாள் ஒரு ரின்னைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டேன். என் மனைவி வாசலில் நின்று பார்த்தார். "என்னை வித்தாலும் உந்தக் கசெற்றுகளைக் குடுக்கமாட்டியள் எண்டெல்லோ நினைச்சனான்" என்றார். ரின்னைக் கரியரில் கட்டிச் சைக்கிளை உருட்டினேன்.

வயலின் குறுக்கே தடிகளை ஊன்றி, நாடாவை ஒவ்வொரு வரியாக முறுக்கிக் கட்டினோம். காற்று வந்ததும் வயல் முழுவதும் இரையத் தொடங்கியது. கிளிக்கூட்டம் வந்தது. மேலே ஒரு வட்டம் போட்டது. இறங்காமல் அடுத்த வயலுக்குப் போய்விட்டது. அந்த வயல்காரர் வரம்பில் நின்று கத்தினார்: "மாஸ்ரர், எங்கடை வயலுக்கும் ரெண்டு பாட்டுப் போடுங்கோ!"

நம் கமக்காரர் நாடாவில் காதை வைத்துக் கேட்டார். "இதுக்குள்ளை என்ன பாட்டு?"

"தோடி ராக ஆலாபனை."

"அதுதான் கிளி நிக்கேல்லை" என்றார்.

அடுத்த வயலுக்கும் இரண்டு கசெற் கொடுக்க வேண்டி வந்தது. நாடாவின் வேலையைச் சில நாள் பார்த்துத் திருப்தியான பிறகு கமக்காரர் சொன்ன சொல் தவறாமல் ட்ரம்மைக் கழற்றித் தந்தார். சுற்றிக்கொண்டு போகத் துவாயையும் தோய்த்து வைத்திருந்தார்.

தையல்காரர் மெசினில் இருந்தார். நான் ட்ரம்மை அவர் முன்னால் வைத்துத் துவாயை எடுத்தேன். அவர் எழும்பவில்லை. மஞ்சள் தெரிந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலுக்கு வந்த மனைவியும் பார்த்துவிட்டு வாயில் கை வைத்தார்.

நான் நின்றபடியே சொன்னேன். இது தகரம் அல்ல, பித்தளை. அதைவிட ஒன்று இருக்கிறது. அன்றைக்குக் காந்தம் இந்த உடம்பில் பிடிக்கவில்லை. வழுக்கி விழுந்ததை நான் கண்டேன். கண்டும் சொல்லவில்லை. சொன்ன சொல்லை மாற்றினால் மரியாதை போய்விடும் என்று நினைத்தேன். தெரியாமல் விட்ட பிழை அல்ல இது, தம்பி. மன்னித்துக்கொள்ளும்.

அவர் மெசினை விட்டுத் திரும்பினார். ட்ரம்மை மடியில் வைத்து, முழங்கையால் அணைத்து, விரல் மொளியால் மெல்லத் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகு திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

"கம்பி இல்லை" என்றார். அவ்வளவுதான்.

நான் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். ஆனால் மறுநாள் காலை அவர் வேலிக்கு மேலால் கூப்பிட்டார். "மாஸ்ரர், இந்தப் பெயின்ற்றை எடுக்க வழி ஏதும் இருக்கோ?"

இருந்தது. கடையில் ஒன்றும் கிடைக்காத காலம். சுண்ணாம்பையும் விறகுச் சாம்பலையும் குழைத்துத் தடித்த பசையாக்கி அப்பினோம். தோல்களையும் வளையங்களையும் அவர் முதலே கழற்றிச் சுவரில் மாட்டியிருந்தார். சில மணி நேரத்தில் சிவப்பு ஊறி இளகி வந்தது. அவர் தேங்காய்ச்சிரட்டை ஓட்டால் சுரண்டினார். நான் மற்றப் பக்கத்தில். சிவப்புக்குக் கீழே ஒரு நீலம். அதற்கும் கீழே கருகிய பொன்போலப் பித்தளை. விளிம்பைச் சுற்றி ஒரு பூங்கொடி செதுக்கியிருந்தது. அப்படி ஒன்று அங்கே இருப்பது இத்தனை வருடம் வைத்திருந்த அவருக்கே தெரியாது. அதன்மேல் பெருவிரலை வைத்து ஒரு சுற்று ஓடவிட்டார்.

அப்போதுதான், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"மாஸ்ரர், காந்தம் வழுக்கினதை நானும் கண்டனான்."

என் கையிலிருந்த சிரட்டை நின்றுவிட்டது.

"பக்கத்திலைதானே நிண்டனான். அதோடை, இவ்வளவு காலம் அடிச்ச எனக்கு இது தகரமில்லை எண்டு காது சொல்லாதே?"

"அப்ப ஏன் தம்பி என்னட்டைக் கொண்டு வந்தனீர்?"

"வீட்டிலை அரிசி இல்லை. நீங்கள் பித்தளை எண்டு சொல்லியிருந்தால் நான் குடுத்திருக்கமாட்டன். பிள்ளையளைப் பட்டினி போட்டிருப்பன். நான் அப்பிடியான ஆள், இவளைக் கேளுங்கோ. படிச்ச ஒருத்தற்றை வாயாலை தகரம் எண்டு வந்தால் மனம் ஆறும் எண்டு வந்தனான். நீங்களும் சொன்னியள். நெல்லு வந்தது, சாப்பிட்டம். பிறகென்ன?"

சுரண்டுவதைத் தொடர்ந்தார். நானும் தொடர்ந்தேன். கண் கரித்தது, சுண்ணாம்பு என்று சொல்லிக்கொண்டேன்.

பெயின்ற் முழுவதும் போன பிறகு ஒரு சண்டை வந்தது. மனைவி ஒரு சிரட்டையில் பழப்புளி கரைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"இஞ்சேருங்கோ, விடுங்கோ. ஒரு கை தேய்ச்சால் விளக்குமாதிரி வரும்."

"வேண்டாம். இந்தக் கறுப்பு அதின்ரை வயசு. அது அப்பிடியே இருக்கட்டும்."

"பித்தளையைக் கறுக்க விட்டுக்கொண்டு ஒரு வீட்டிலை ஆரும் இருப்பினமே? பாக்கிற சனம் என்னையெல்லோ சொல்லும்!"

இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். "மாஸ்ரர், நீங்கள் சொல்லுங்கோ."

"ஐயோ, என்னைக் கேளாதையுங்கோ" என்று நான் இரண்டு கையையும் தூக்கினேன். மூன்று பேரும் சிரிக்கத் தொடங்கியவர்கள் நிறுத்த வெகுநேரம் பிடித்தது. இவ்வளவு காலமும் அந்த ட்ரம்மைத் திட்டிக்கொண்டிருந்த பெண் அன்றைக்கு அதை மடியில் வைத்துப் புளி போட்டுத் தேய்த்தார். கொடியின் இடுக்குகளுக்குள் ஈர்க்குக் குச்சியை விட்டுத் துடைத்தார். புருசன் பக்கத்தில் குந்தினார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

அடிக்கம்பிக்கு என் மோட்டார் சைக்கிளின் கிளச் வயர் உதவியது. பெற்றோல் இல்லாமல் அது வீட்டின் பின்புறக் கோடிக்குள் நின்று இரண்டு வருடம். வயரின் புரிகளைப் பிரித்து, ஒரே நீளமாக வெட்டி, இரண்டு முனையையும் தோல்துண்டில் வைத்துத் தைத்தார். தைக்கத் தெரிந்தவர்தானே. கட்டி இறுக்கிவிட்டு ஒரு தட்டுத் தட்டினார். 'சர்' என்று அது பொரிந்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த வருடத் திருவிழாவுக்கு எங்கள் பக்கத்துக் கோயிலில் இசைக்குழு வைத்தார்கள். மண்ணெண்ணெயில் ஓடுகிற ஜெனரேற்றர். இரண்டே இரண்டு லைற். இடம்பெயர்ந்து வந்த கலைஞர்களைத் தேடிப்பிடித்துச் சேர்த்த குழு. ட்ரம்முக்கு இவர்தான். அந்த இரண்டு லைற்றின் வெளிச்சமும் போய் விழுந்தது அந்த ட்ரம்மில்தான். நிகழ்ச்சி முடிந்ததும் கிற்றார் அடித்தவர் வந்து அதைத் தடவிப் பார்த்தார். "அண்ணை, உதைப் புளி போடாமல் பழைய நிறத்திலையே விட்டிருந்தால் வெளியிலை நல்ல விலை போகும். இப்பிடி மினுக்கினால் பெறுமதி பாதிதான்."

"விக்கிறவனுக்குத்தானே தம்பி அந்தக் கவலை" என்றார் தையல்காரர்.

தொண்ணூற்றைந்து இடப்பெயர்வில் எல்லோரும் சிதறினோம். அவர் குடும்பத்தோடு வன்னிப் பக்கம் போனார். பிறகு நாங்கள் சந்திக்கவில்லை. சில வருடங்களுக்கு முன் அவர் காலமான செய்தி, ஒரு மகள் மூலம் வந்தது. ட்ரம் அந்த மகளிடம் இருக்கிறதாம்.

எனக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. காந்தம் வழுக்கியதைத் தானும் கண்டதாக அவர் சொன்னாரே, அது உண்மையா? அல்லது குற்றவுணர்வோடு எதிரில் நின்று சுரண்டிக்கொண்டிருந்தவனுக்கு ஆறுதலாக அந்த நேரத்தில் உண்டாக்கிச் சொன்னதா? அன்றைக்கு அவர் நின்ற இடத்திலிருந்து என் கை தெரிந்திருக்குமா என்று எத்தனையோ முறை மனதுக்குள் அளந்து பார்த்திருக்கிறேன். சில நாள் தெரிந்திருக்கும் போலப்படும். சில நாள் என் முதுகுதான் தெரிந்திருக்கும் போலப்படும். கேட்டிருக்கலாம், மூன்று வருடம் ஒரே வேலியில் இருந்தோம். நான் கேட்கவில்லை. என் பிழை என் பிழைதான், அது குறையவில்லை. ஆனால் அவர் சொன்னது உண்மையாக இருந்தால் அவர் தன் பிள்ளைகளுக்காகப் பொறுத்தவர். பொய்யாக இருந்தால் எனக்காகப் பொறுத்தவர். எதுவென்று தெரியாமல் இருப்பது எனக்கு ஒருபோதும் பாரமாக இருந்ததில்லை. அப்படி ஒரு மனிதருக்குப் பக்கத்து வளவில் சில காலம் வாழக் கிடைத்ததே என்று, நினைக்கும்போதெல்லாம் மனம் நிறைந்துபோகிறது.